கட்ட வேண்டாம் என்றார் மாமா

தள்ளுபடி என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கலந்தாய்வில் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கியிருந்த நேரம் அது. அப்பா குளச்சல் துறைமுகத்திலிருந்து கேரளத்துச் சந்தைகளுக்கு மீன் கொண்டுபோகும் வண்டி ஓட்டினார். அம்மாவுக்கு முந்திரி ஆலையில் வேலை. எங்கள் பக்கத்தில் அதை அண்டியாபீஸ் என்பார்கள். முந்திரித்தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். சொத்தென்று சொல்ல, மணவாளக்குறிச்சிக்குக் கிழக்கே பத்து சென்ட் தென்னந்தோப்பு. அதுவும் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது, அவள் பெயரிலேயே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அதனால் முதல் பட்டதாரி சலுகையில் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைந்தது. மீதிக் கட்டணம், பேருந்து, தேர்வுக் கட்டணம், இதர கட்டணம் என்ற பெயரில் கல்லூரிக்காரர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் தோப்பை விற்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். வாங்குவதற்கு ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். அந்த வாரம் முழுவதும் அம்மாவின் குழம்பில் உப்பு சரியாக இல்லை.

அப்போதுதான் மாமா வந்தார். மாமா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். சட்டைப் பையில் எப்போதும் மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று இருக்கும். முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை, கழிப்பறை மானியம் என்று எதற்கும் ஊரில் அவரைத்தான் தேடிப் போவார்கள். பலருக்கு அவர் வாங்கியும் கொடுத்திருக்கிறார். அதனால் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம்.

“தோப்ப விக்காத மாப்பிள. லோன் எடு. ஏழப்பிள்ளைக்க படிப்புக் கடன எந்த கவர்மெண்டும் கடைசிவர கேட்டுக்கிட்டு நிக்காது. விவசாயக் கடன தள்ளலியா, நகைக் கடன தள்ளலியா, ஒரு எலெக்சன்ல இதையும் தள்ளுவான். மண்ணு போனா திரும்பி வருமா?”

அப்பா மறுநாளே தோப்பு வாங்க வந்தவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான். அம்மாவின் மண்ணை விற்றுப் படித்தவள் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். பதினெட்டு வயதில் எனக்குக் கடன் என்பது ஒரு விண்ணப்பப் படிவம். அவ்வளவுதான்.

வங்கிக்கு ஐந்தாறு முறை அலைந்தோம். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ மேலாளர் நானும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். இருவரும் சமமாகப் பொறுப்பு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவரும் மாட்டுவார் என்று விளக்கினார். அப்பா வெளியே சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் உருகி வண்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

நான்கு வருடம் படித்தேன். ஒரு வருடம் வேலை தேடினேன். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில், கணினி பழுதானவர்கள் போன் செய்தால் பதில் சொல்லும் ஒப்பந்த வேலை கிடைத்தது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவதில் கடன் தவணையை மாதாமாதம் அப்பாவின் கணக்குக்கு அனுப்பினேன். கடன் கணக்கு ஊரில் உள்ள கிளையில் இருந்தது. பாஸ்புக் அப்பாவிடம் இருந்தது. “நீ அனுப்பு, நான் கெட்டிக்கிடுகேன்” என்றார். மகள் சம்பாதித்து அனுப்பும் பணத்தை வங்கிக் கவுண்டரில் நின்று கட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது என்று நினைத்தேன். முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. கட்டியதும் போனில் சொல்வார்.

பிறகு தேர்தல் வந்தது. மாமா சொன்னது அவர் கட்சியின் தேர்தல் அறிக்கையில் அச்சாகவே வந்துவிட்டது. ஏழை மாணவர்களின் கல்விக் கடன் தள்ளுபடி செய்யப்படும் என்று ஒரு வரி. எந்தக் கடன், யார் கடன், எந்த வருடம் வரைக்கும் என்று எதுவும் இல்லை. அந்த ஒரு வரியைக் கோடிட்டு, இனிக் கட்ட வேண்டாம் என்று மாமா வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டினார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரியாமல் போனது என்னவென்றால், அந்த மாதத்திலிருந்து அப்பா வங்கிப் பக்கமே போகவில்லை என்பது.

எனக்கு அஞ்சுகிராமத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மின்சாதனக் கடை வைத்திருப்பவர், அமைதியானவர். கடன் இருக்கிறது, கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே அவரிடம் சொன்னேன். கட்டுகிறவளாக இருந்தால் சரி என்றார். கல்யாணம் முடிந்து திருவனந்தபுரத்து வேலையை விட்டுவிட்டு, நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பில் பிரிவில் சேர்ந்தேன். அப்போதும் மாதம் தவறாமல் அப்பாவுக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது.

கல்யாணமான மூன்றாவது வருடம் வீடு கட்டலாம் என்று நானும் கணவரும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் சம்பளம், கடை வரவு எல்லாம் பார்த்த அதிகாரி முதலில் சிரித்த முகமாகத்தான் பேசினார். பிறகு கணினியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“மேடம், உங்க பேர்ல ஒரு எஜுகேஷன் லோன் வராக்கடன்ல நிக்குதே. ரொம்ப வருஷமா ஒண்ணுமே கட்டல போலிருக்கு.”

ஏதோ தவறு இருக்கும் என்றேன். கைபேசியை எடுத்து ஒவ்வொரு மாதமும் அனுப்பியதைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இது உங்கள் அப்பாவின் சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு இல்லை என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் விண்ணப்பத்தோடு கொண்டுவந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

பைக்கில் சுசீந்திரம் தாண்டினோம். கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “ஒங்க அப்பா ஒன்ன ஏமாத்துனாரா, இல்ல நீங்க எல்லாரும் சேந்து என்ன ஏமாத்துனீங்களா? மொதல்ல அத கேட்டுட்டு வா” என்றார். என்னை அங்கேயே பேருந்து ஏற்றிவிட்டார். கூட வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடையோடு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் என்னைவிடப் பதினொரு வயது இளையவள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல், தவணை கட்டினீர்களா இல்லையா என்று கேட்டேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. “கெட்டல” என்றார். “யாரு கெட்டினா? இந்த ஊர்ல ஒருத்தனும் கெட்டல. இண்ணைக்கு இல்லேன்னா நாளைக்குத் தள்ளுபடி வரும். கெட்டினவன் கெட்டினது போச்சுன்னு நிப்பான்.”

“நான் அனுப்பின பைசா எங்க?”

அம்மாதான் அடுக்களை வாசலில் வந்து நின்று சொன்னாள். “உனக்க கழுத்துல கெடக்குல்லா மக்கா. அதாக்கும்.”

எனக்குப் புரிய நேரமெடுத்தது. கல்யாணத்தின்போது எனக்குப் போட்ட நகையில் பாதி, நான் கடனுக்கு என்று அனுப்பிய பணத்தில் வாங்கியது. மீதிப் பாதியைப் பாக்கி வைத்து வாங்கி, கல்யாணத்துக்குப் பிறகு நான் அனுப்பிய பணத்தை நகைக்கடைக்காரனுக்கே கொடுத்து அடைத்திருக்கிறார்கள். வங்கிப் பணம்தான் எப்படியும் போகப்போகிறதே, அதை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குற்றவுணர்ச்சி ஒன்றும் இல்லை. எனக்காகச் செய்ததை நான் வந்து விசாரிக்கிறேன் என்ற கோபம்தான் இருந்தது.

“இல்லாம கல்யாணத்துக்கு உன்ன எப்படி எறக்கியிருப்பேன்? மீன் வண்டி ஓட்டுகவன் அவ்வளவு நகைக்கு எங்க போவான்? அப்போ எங்கெருந்து வந்துன்னு நீ கேட்டியா?”

நான் கேட்கவில்லை. அதுதான் உண்மை. கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேனே தவிர எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. பிச்சை எடுத்திருந்தாலும் எனக்கு நாணக்கேடில்லை, இது திருட்டு என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். தட்டு சுவர்வரை போய் நின்றது. தங்கை நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நகைகளை விற்றேன். கணவரிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விற்றேன். அவர் என்னோடு நாகர்கோவில் நகைக்கடைக்கு வந்தார், எடைபோடும்போது பக்கத்தில் நின்றார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பணத்தோடு கடன் கொடுத்த கிளைக்குப் போனபோது ஒரு விநோதம் நடந்தது. அங்கே இருந்த புது மேலாளர், முழுவதும் கட்ட வேண்டாம், வட்டியையும் அசலில் ஒரு பகுதியையும் விட்டுவிட்டு மீதியைக் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம், பழைய வராக்கடன்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றார். அப்பா இத்தனை வருடம் காத்திருந்த தள்ளுபடி அதுவாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் இந்தப் பெண் முழுதாகக் கட்டவில்லை, சமரசம் செய்துகொண்டாள் என்று பதிவில் நிற்கும். வீட்டுக் கடன் பல வருடத்துக்குக் கிடைக்காது. வேண்டாம் என்றேன். கடைசிப் பைசா வரை கட்டினேன். மேலாளர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்துவிட்டு ரசீது கொடுத்தார்.

அடுத்து வந்த ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்கு நான் ஒற்றைச் சங்கிலியோடு கிளம்பியபோது மாமியார் நகை எங்கே என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தெருவில் எல்லாரிடமும் பேசினார்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் மாமாவின் மகன் துபாய்க்குக் கிளம்பினான். அவனும் கல்விக் கடனில் படித்தவன்தான். கிளம்பும் முன் மாமா வீட்டில் விருந்து வைத்தார்கள். என் கணவர் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வரவும் இல்லை. நான் தனியாகப் போனேன். அடுக்களையில் மாமிக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் மாமி, அவன் கடனை எப்போதோ அடைத்துவிட்டோம், அந்த நிம்மதியோடுதான் அனுப்புகிறோம் என்றார். எப்போது அடைத்தீர்கள் என்று கேட்டேன். எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“அது ஆச்சு மூணு நாலு வருஷம். மாசாமாசம் கெட்டித் தீத்தாரு உனக்க மாமா. பேங்குக்காரன் வீட்டு வாசல்ல வந்து நின்னா நாணக்கேடுல்லா மக்கா, கட்சில இருக்கவருக்கு.”

நான் அடுப்பை அணைத்தேன். அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தேன். இந்தச் செய்தியை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அதை யார் முன்னால் எடுத்து வைப்பது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நன்றாகவே மதிப்பெண் எடுத்தாள். செவிலியர் படிப்புக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் பட்டதாரி சலுகை அவளுக்குக் கிடையாது, அதை நான் எடுத்துவிட்டேன். அப்பாவின் பெயரில் கடன் கேட்கப் போனார்கள். நான் முழுதாகக் கட்டிவிட்ட பிறகும், அத்தனை வருடம் கட்டாமல் கிடந்தது எங்கள் இருவர் பதிவிலும் இருந்தது; சம்பளச் சீட்டும் இல்லாத அப்பாவுக்கு அது இடித்தது. வங்கி மறுத்துவிட்டது. அம்மாவுக்கு வருமானச் சான்று காட்ட வழி இல்லை. சம்பளச் சீட்டு உள்ள ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். சம்பளச் சீட்டு எங்கள் குடும்பத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நான்கு பேரும் அஞ்சுகிராமத்துக்கு வந்தார்கள். அப்பா, அம்மா, தங்கை, மாமா. என் வீட்டுக்குள் அப்பா நுழைந்தது நகை விற்ற பிறகு அதுதான் முதல் தடவை. மாமியார் காப்பி கொடுத்துவிட்டு உள் அறையில் போய்க் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்துகொண்டார். கணவர் கடையில் இருந்தார். நான் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

மாமாதான் பேசினார். விண்ணப்பத்தைக்கூட நிரப்பியே கொண்டுவந்திருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் சிறிய பெருக்கல் குறி போட்டிருந்தார். அடுத்த தேர்தலுக்கு அதிக நாள் இல்லை, இந்தத் தடவை கட்சி உறுதியாகச் சொல்லிவிட்டது, இவள் படித்து முடிக்கும் முன்னால் கடன் இல்லாமல் ஆகிவிடும், நீ பேருக்கு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தோப்பை விற்றுப் படிக்க வையுங்கள் என்றேன்.

அம்மா உடனே நிமிர்ந்தாள். தோப்பை விற்றால் இவள் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். கல்யாணத்துக்குத் தோப்பு, படிப்புக்கு நானா என்று கேட்டேன். நீ படித்தபோது தோப்பை விற்கவில்லையே, உனக்கு ஒரு நியாயம் அவளுக்கு ஒரு நியாயமா என்று அம்மா கேட்டாள். எங்கள் வீட்டில் அதிகம் பேசாதவள் அவள்தான். அன்றைக்கு என்னை நேராகப் பார்த்துப் பேசினாள்.

நான் பதில் சொல்வதற்குள் மாமா குறுக்கே வந்தார். படித்தவர்களுக்கு மனசு சுருங்கிவிடுகிறது, கூடப்பிறந்தவளுக்கு ஒரு ஒப்புப் போட இவ்வளவு யோசனையா என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். எங்கள் பக்கம் கையெழுத்தை ஒப்பு என்றுதான் சொல்வோம்.

அப்போதுதான் அந்தச் செய்தியை எடுத்தேன்.

“மாமா, உங்க மகனுக்க லோன் என்னாச்சு?”

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஊர் முழுக்க கெட்டாத கெட்டாதன்னு சொல்லிட்டு, நீங்க மட்டும் மாசாமாசம் பேங்குல போய்க் கெட்டியிருக்கீங்க. எனக்க அப்பன் கெட்டல. இண்ணைக்கு அவருக்க ஒப்புக்கு விலை இல்ல. உங்க ஒப்புக்கு விலை இருக்கு. அத இவளுக்குப் போடுங்க. எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

அவர் மறுப்பார், குரலை உயர்த்துவார், மாமியைத் திட்டுவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. சாதாரணமாகப் பேசினார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம், கடன் நிலுவை இருந்தால் எங்கேயாவது இடிக்கும் என்று சொன்னார்கள், அதனால் கட்டினேன் என்றார். தள்ளுபடி வரும் என்று சொன்னதும் பொய் இல்லை, இப்போதும் வரும் என்றுதான் நம்புகிறேன், என்னிடம் வசதி இருந்தது கட்டினேன், உன் அப்பனிடம் இல்லை, இல்லாதவனிடம் கட்டு என்று நான் எப்படிச் சொல்வேன் என்றார். அவர் தன்னை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. இவளுக்கு நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா மாட்டீர்களா என்று மறுபடியும் கேட்டேன். மகன் சம்பாத்தியத்தில் வீடு எடுக்கக் கடன் வாங்கப்போகிறோம், இந்த நேரத்தில் இன்னொன்றில் மாட்ட முடியாது என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது அவர் மாமாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்திருந்தது. கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் திரும்பியது என் பக்கம்.

“வீட்டுக்கு வந்த மாமன நாணங்கெடுத்துகியா? இதுக்காக்கும் உன்னப் படிக்க வச்சது? இனி எனக்க செத்த வீட்டுக்கும் நீ வர வேண்டாம்.”

அவரால் மாமாவைக் கேட்க முடியாது. கேட்டால், இத்தனை வருடம் தான் முட்டாளாக இருந்ததை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் இறங்கவில்லை. வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன். அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். உள் அறையில் மாமியார் இருமினார்.

தங்கை அதுவரை காப்பியைத் தொடவில்லை. எல்லாரும் எழுந்தபோது அவள் டீப்பாயில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்தாள். மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

“அக்கா, அப்பாவும் மாமாவும் இதெல்லாம் செஞ்சப்போ எனக்கு வயசு என்ன? நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டாள். பிறகு, “உனக்க ஒப்பு எனக்கு வேண்டாம். இனி நீ போட்டாலும் வேண்டாம்” என்றாள்.

அந்த இடம் போய்விட்டது. கட்டணம் கட்டும் கடைசி நாள் கடந்ததும் கல்லூரி வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டது. அந்தப் பத்து நாளில் நான் மனம் மாறியிருக்க முடியும். இரண்டு முறை அம்மாவுக்குப் போன் செய்யக் கைபேசியை எடுத்து, வைத்துவிட்டேன். அவர்கள் தோப்பை விற்பார்கள், வேறு வழி இல்லாமல் விற்பார்கள், அதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் விற்கவில்லை. தங்கை நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கடை நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி. ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். யாரோ ஒரு அம்மாளுக்குப் பட்டுச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வாங்காமல் போனதும் அதை மடிக்க ஆரம்பித்தாள். நான் உள்ளே போகவில்லை.

கடைசியில் அதை மாற்றியது அம்மா. ஒரு வருடம் தங்கை வேலைக்குப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அடுத்த கலந்தாய்வு வந்தபோது யாரிடமும் கேட்காமல் தோப்பில் பாதியைப் பக்கத்துத் தோப்புக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்திரம் முடிந்து வீட்டுக்கு வந்துதான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா அவளிடம் மூன்று மாதம் பேசவில்லை. மாமா வந்து, இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் என்ன என்று சத்தம் போட்டாராம். அண்ணா, உனக்குப் பொறுக்க முடியும், உனக்க மகன் துபாய்ல இருக்கான் என்று அம்மா சொன்னதாகவும், அதோடு அவர் வருவது நின்றதாகவும் அம்மாவே எனக்குச் சொன்னாள். அம்மா மட்டும் என்னோடு பேசுவாள். மதியம் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரம் அது.

தங்கை கடன் இல்லாமல் செவிலியர் கல்லூரியில் சேர்ந்தாள். முன்பு கிடைத்த கல்லூரி இல்லை, அதைவிட தூரத்தில் உள்ளது. இப்போது இரண்டாம் வருடம். கூடப்படித்தவர்கள் அவளைவிட ஒரு வருடம் மேலே இருக்கிறார்கள். முழுதாகக் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகு எங்களுக்கு வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது, வீடும் எழும்பி நிற்கிறது. பால் காய்ச்சியபோது என் வீட்டுப் பக்கத்திலிருந்து அம்மா மட்டும் வந்தாள்.

நான் செய்தது தவறா என்று கணவரிடம் ஒருமுறை கேட்டேன். அப்பாவிடம் கோபப்பட்டது சரி, தங்கைக்குக் கையெழுத்து மறுத்தது சரியா என்று தெரியவில்லை என்றார். கையெழுத்துப் போட்டு, அவள் தவணையை நம் கணக்கிலிருந்தே நேராகக் கட்டியிருக்கலாமே என்றார். எனக்கும் அது தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும். மாமா பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்ற ஒன்றுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது.

இந்த வருடம் கட்டணம் கட்டும் நேரம் வந்தபோது தங்கையின் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் அதே தொகை என் கணக்குக்குத் திரும்பி வந்தது. அவளும் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் அம்மா மதியம் கூப்பிட்டபோது சொன்னேன். “அவள விடு மக்கா, இப்ப கேக்க மாட்டா” என்றாள். பின்னால் ஆலையின் மணி அடித்தது. வேலைக்குப் போகணும் என்று வைத்துவிட்டாள்.

தேர்வுக் கட்டணத்துக்கு மறுபடியும் அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது.